கதையில் இல்லாத குழந்தை

நூறாண்டுக்கு முன் உண்மையிலேயே வாழ்ந்து மறைந்த ஒரு ஜமீன்தாரின் மரணத்தை, எழுத்தாளர் தேவசிகாமணி தன் தொடர்கதையில் கற்பனைத் துப்பறிவாளர் ரத்னவேலுவிடம் ஒப்படைத்திருந்தார். இளைய மனைவிதான் பாலில் விஷம் கலந்தாள் என்று ரத்னவேலு கண்டுபிடித்த வாரம், அவளுடைய கொள்ளுப்பேத்தி வீடு தேடி வந்தாள்.

"இது எங்க குடும்பத்துக்கு வெளியில யாருக்கும் தெரியாது. உங்களுக்கு யார் சார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலம்மா. நானா கற்பனை பண்ணினதுதான்."

அவள் நம்பவில்லை. கைகூப்பினாள்.

"அந்தக் குழந்தையப் பத்தி மட்டும் எழுதிடாதீங்க."

அவர் கதையில் குழந்தையே இல்லை.

அவள் போனதும், ரத்னவேலுவை ரயிலேற்றிவிட்டுக் கதையை முடித்துவிட உட்கார்ந்தார். எப்படி எழுதினாலும் ரத்னவேலு ரயில் நிலையத்துக்குப் போகவில்லை. அரண்மனையின் பின்கட்டைத் தாண்டி, கல் வைத்து மூடியிருந்த கிணற்றை நோக்கி நடந்தார்.