மடித்து முடித்த பின்

சலவைக்கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே சிறப்புப் பள்ளி ஆசிரியை நிற்கிறாள். உள்ளே, நீராவி படர்ந்த வெள்ளை வெளிச்சத்தில், இந்த ஆண்டு பள்ளியை முடித்த அவளுடைய மாணவி ஒரு துண்டை மடிக்கிறாள். ஓரத்தோடு ஓரம் பொருந்துகிறது. உள்ளங்கை சுருக்கத்தை நீவிவிடுகிறது. மடித்து முடித்ததும் கைகள் நின்றுவிடுகின்றன, முகம் நிமிர்கிறது. பள்ளியில் ஒவ்வொரு துண்டுக்கும் ஆசிரியை கைதட்டுவாள். அதன் பிறகுதான் அடுத்தது. இங்கே இயந்திரங்களின் இரைச்சல் மட்டுமே இருக்கிறது. "ஏம்மா, போட்டோவா எடுக்குறாங்க? முகத்த நிமித்திக்கிட்டு நிக்குற!" என்கிறாள் பக்கத்து மேசைக்காரி. மாணவி சிரிக்கிறாள், ஆனால் நகரவில்லை.

மேற்பார்வையாளர் கதவைத் திறந்து வெளியே வருகிறார். "மடிப்பு அச்சு மாதிரி இருக்கு டீச்சர், குறையே சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு முடிச்சதும் ஏன் அப்படியே நின்னுடுறா? இன்னிக்குப் பாத்துட்டுத்தான் வேலைக்கு எடுக்கலாமா வேணாமான்னு நான் சொல்லணும்." "பழகிடும் சார்" என்கிறாள் ஆசிரியை. அப்படி நிற்கப் பழக்கியது தன் கைதட்டல்தான் என்பது அவளுக்குத் தெரியும். "நாளையிலேருந்து நீங்க கூட இருக்கமாட்டீங்களே" என்று இழுக்கிறார் அவர். மாணவியின் பார்வை கண்ணாடிக்கு இப்பால் ஆசிரியையைக் கண்டுகொள்கிறது. ஒரே ஒரு கைதட்டல் போதும், அடுத்த துண்டு மடிந்துவிடும். ஆசிரியை விரல்களைக் கோத்து இறுக்கிக்கொள்கிறாள். மாணவியின் சிரிப்பு மெல்ல வடிகிறது. எங்கோ பிழை நேர்ந்துவிட்டது என்று எண்ணியவளாய், மடித்த அதே துண்டை உதறி விரித்து, முன்னைவிட மெதுவாக மீண்டும் மடிக்கத் தொடங்குகிறாள்.