நடக்காதவர் பட்டியல்

“நேராவே கேட்டுடறேன்மா. இந்தப் பட்டையை யார் கையில கட்டி விட்டீங்க?”

மூன்று மாடி ஏறி வந்த மூச்சு ஆய்வாளருக்கு இன்னும் அடங்கவில்லை. உடற்பயிற்சியின் நன்மைகளைப் பற்றிப் பத்து வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். நடக்கத்தான் நேரம் கிடைப்பதில்லை.

“யார் கையிலயும் கட்டலையே. இதோ, என் கையிலதானே இருக்கு?” தையல்காரம்மா இடது மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். காலடிகளை எண்ணும் கறுப்புப் பட்டை அதில் இறுகக் கிடந்தது. அவளுக்கு வயது அறுபத்தொன்று.

“இப்ப இருக்கு. மத்த நேரம்?”

“குளிக்கும்போதுகூடக் கழட்டறதில்லை. நீங்கதானே அப்படிச் சொன்னீங்க?”

ஆய்வாளர் கோப்பைப் பிரித்தாள்.

“இது உங்க கையெழுத்துதானே? ‘உடற்பயிற்சி செய்வதுண்டா?’ இல்லை. ‘நடைப்பயிற்சி?’ இல்லை. ‘தொழில்?’ தையல், உட்கார்ந்த வேலை. அதனாலதான் உங்களை நடக்காதவங்க பட்டியல்ல போட்டோம். நடக்கறவங்க ஒரு பக்கம், நடக்காதவங்க ஒரு பக்கம். பன்னிரண்டு வாரத்துல ரெண்டு பக்கத்து உடம்பும் எப்படி மாறுதுன்னு பார்க்கறதுதான் எங்க ஆராய்ச்சியே.”

“சரி.”

“என்னத்தைச் சரி! நடக்காதவங்க பட்டியல்ல இருந்துக்கிட்டு நாளுக்குப் பதினெட்டாயிரம் அடி நடந்திருக்கீங்க. நடக்கறவங்க பட்டியல்ல முதல் ஆளே பதினோராயிரம்தான்!”

தையல்காரம்மாவின் கண் உள்ளறைக் கதவின் மேலேயே இருந்தது.

“இங்க பாருங்கம்மா, எனக்கு இது புதுசில்ல. ஒருத்தர் பட்டையை நாய் கழுத்துல கட்டிட்டார். இன்னொருத்தர் மின்விசிறியில கட்டிவிட்டு ஒரே நாள்ல ஒரு லட்சம் அடி நடந்தார். கேட்டா, ஆராய்ச்சிக்கு உதவி பண்ணினாராம்! என் தலையெழுத்து, வீடு வீடா ஏறி இறங்கி இதையெல்லாம் விசாரிக்க வேண்டியிருக்கு.”

“எங்க வீட்டுல நாய் கிடையாதும்மா.”

“மருமகள்?”

“மகனும் மருமகளும் வேற ஊர்ல.”

ஆய்வாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “அதைவிடக் கொடுமை உங்க உடம்புப் பரிசோதனை. சர்க்கரை இறங்கியிருக்கு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையைப் பாதியாக் குறைச்சுட்டாங்க. நாடித்துடிப்பு விளையாட்டு வீராங்கனை மாதிரி இருக்கு!”

“உடம்பு தேறினா அது ஒரு குத்தமா?”

“குத்தம்தான்! நடக்காதவங்களுக்கு உடம்பு தேறக் கூடாது! உங்க ஒருத்தரால என் சராசரியே தலைகீழா நிக்குது. நாளைக்குப் பேராசிரியர் முன்னாடி அறிக்கையோட நிக்கணும். இதைக் காட்டினா என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவார். பேசாம பொய்க் கணக்குன்னு எழுதி உங்க பேரை அடிச்சுடறேன்.”

தையல்காரம்மா சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடிச்சுடாதீங்க. மாசாமாசம் நீங்க உடம்பைச் சோதிச்சுச் சொல்றீங்களே, அதுக்காகத்தான் சேர்ந்தேன். நான் மட்டும் படுத்துடக் கூடாதும்மா.”

“அப்ப உண்மையைச் சொல்லுங்க!”

உள்ளறைக் கதவு திறந்தது. தையல்காரம்மாவின் கணவர் வெளியே வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, படிய வாரிய நரைமுடி, தோளில் தோல்பை.

“அடடே, வாங்க வாங்க. காபி கொடுத்தியா இவங்களுக்கு?” என்றவர் ஆய்வாளரைப் பார்த்துக் கைகூப்பினார். “தப்பா எடுத்துக்காதீங்க. ஆபீஸுக்கு நேரமாச்சு. ஒரு நிமிஷம் பிந்தினாலும் எங்க மேனேஜர் மனுஷனைக் கடிச்சுக் குதறிடுவார்.”

“பரவாயில்லை சார், நீங்க கிளம்புங்க. எங்க பேராசிரியரும் அதே ஜாதிதான்!”

அவர் சிரித்தபடி படியிறங்கினார். தையல்காரம்மாவும் எழுந்துவிட்டாள்.

“நான் கிளம்பணும்மா. மிச்சத்தைப் போன்ல கேளுங்களேன்.”

ஆய்வாளருக்குப் பொறி தட்டியது. கோப்பைப் புரட்டி ஒரு வரைபடத்தின் மேல் விரலை வைத்தாள்.

“உட்காருங்க. இப்பதான் வெளிச்சமே வருது! தினமும் காலையில ஒம்பதரைக்கு நடை ஆரம்பிக்குது, சாயந்தரம் நாலு மணிக்கு முடியுது. அதாவது ஆபீஸ் நேரம். உங்க வீட்டுக்காரர் கையில கட்டித்தானே அனுப்பறீங்க? இன்னைக்கு நான் வரேன்னதும் கழட்டி உங்க கையில மாட்டிக்கிட்டீங்க!”

“ஐயோ, அவரு கையில கடிகாரம்கூடக் கட்ட விடமாட்டாரும்மா.” அவள் கால் செருப்பைத் தேடியது. “நகருங்க, தெருமுனை திரும்பிடுவாரு.”

“திரும்பினா என்ன? ஆபீஸுக்குப் போற மனுஷனுக்கு வழியனுப்ப நீங்க எதுக்கு?” ஆய்வாளர் பொறுமையிழந்து வாசலை மறித்து நின்றாள். “நீங்களும் நடக்கலை, அவரும் நடக்கலைன்னா இந்தப் பதினெட்டாயிரம் அடியையும் யாரும்மா நடந்தது?”

“நான்தான் நடக்கறேன். அதைப் போய் உடற்பயிற்சின்னு எப்படி எழுதறது?” தையல்காரம்மா அவளை ஒதுக்கிக்கொண்டு படிகளில் வேகமாக இறங்கினாள். “அவரு ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சும்மா. ஊரெல்லாம் ஆபீஸைத் தேடி அலைஞ்சு களைச்சதும் திரும்பிப் பார்த்து, ‘ஏம்மா, எங்க வீட்டுக்கு வழி தெரியுமா’ன்னு கேப்பாரு... அப்ப பின்னாடி நான் நிக்கணும்ல?”