மன்னிப்புக் கேட்ட கம்பெனி

கறுப்புக் கோட்டுப் போட்ட இயக்குநர் பியோ, கருங்கல் நினைவுச்சின்னத்துக்கு முன்னால் இடுப்பொடியக் குனிந்து நின்றார். அவருக்குப் பின்னால் கம்பெனி ஆட்களும் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். ஊதுபத்திப் புகைக்கு நடுவில் வெள்ளைச் சாமந்தி குவிந்து கிடந்தது.

"ஐயா பின்பக்கம் இருக்காரு, அங்கேயே போய்ப் பாருங்க" என்று காவலாளி சொன்னதைக் கேட்டு வந்த ஓக்-புன், அப்படியே நின்றுவிட்டாள். அவள் புருஷன் இந்தக் கம்பெனியின் ஈய உலையில் காலமெல்லாம் வெந்தவன். சிறுநீரகப் புற்றுநோய் அவனைக் கொண்டுபோன நாளிலிருந்து, 'எங்க ஈயத்தாலதான்' என்ற ஒரு சொல்லுக்காக அவளும் இந்தக் கம்பெனிப் படியேறிக்கொண்டிருக்கிறாள். கம்பெனி கல்லுளிமங்கன் மாதிரி வாயே திறக்கவில்லை.

கல்லில் பெயர் எதுவும் இல்லை. செத்தவர்கள் அத்தனை பேர், இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். படையலில் தோல் சீவாத கேரட்டைக் குவித்திருந்தார்கள், முறைப்படி ஆப்பிளின் தலையைக்கூட வெட்டவில்லை. இந்த ஆம்பிளைகளுக்கு ஒழுங்காகப் படைக்கக்கூடத் தெரியாது.

இயக்குநர் நிமிர்ந்து, கையிலிருந்த தாளைப் படித்தார்.

"உங்கள் உடம்பில் ஈயத்தை ஏற்றியவர்கள் நாங்கள். அதனால்தான் உங்கள் சிறுநீரகத்தில் கட்டி வந்தது. உங்கள் சாவு அதைச் சந்தேகமில்லாமல் நிரூபித்துவிட்டது. எங்களை மன்னித்து, அமைதியாக உறங்குங்கள்."

அவர் குரல் கம்மியது. ஓக்-புன் வாய்விட்டே அழுதாள். பாவி மனுஷன், இதைக் கேட்கக் கொடுத்துவைக்காமல் போய்விட்டானே.

கூட்டம் கலைந்ததும் ஓடிப்போய் இயக்குநரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த ஒரு வார்த்தைக்குத்தாங்க இத்தனை நாளா நாயா அலைஞ்சேன். என் வீட்டுக்காரர் பேரு யாங் தோக்-சூ. உலையில இருந்தாரு. இனிமே அவரு நிம்மதியாத் தூங்குவாரு."

இயக்குநர் மெல்லக் கையை உருவிக்கொண்டார்.

"அவருக்காக நீங்க போட்ட மனுதான் தள்ளுபடி ஆயிடுச்சேம்மா. மனுஷங்களுக்கு ஈயத்தால இந்த நோய் வரும்னு நிரூபணம் எதுவும் இல்லியே."

"என்னங்க இது, இப்பத்தானே அத்தனை பேரு முன்னாடி மன்னிப்புக் கேட்டீங்க?"

"அது எங்க ஆய்வுக்கூடத்து எலிங்ககிட்டம்மா."