ஒரு நொடி முன்னால்

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய சந்தை ரோட்டில் அறுபத்திரண்டில் வேன் ஓட்டியதற்காக ஜெயசீலிக்கு ஒருநாள் பயிற்சி வகுப்பு. "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே சார்" என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பயிற்சியாளர் வாதாடவில்லை. ஸ்டியரிங்கும் பிரேக்கும் வைத்த பயிற்சி இருக்கையில் அவளை உட்காரவைத்து, அவளுடைய வேன் கேமரா அன்று பதிவு செய்திருந்த அதே ரோட்டைக் கண்முன் திரையில் ஓடவிட்டார். ஒரே ஒரு மாற்றம் செய்திருந்தார். அன்று வெங்காய மூட்டையோடு ரோட்டைக் கடந்தவர், இப்போது ஒரு நொடி முன்னதாக ரோட்டில் இறங்கினார். ஜெயசீலி பிரேக்கை முழுசாக மிதித்தும் வேன் நிற்கவில்லை.

"ஒரு தடவை பார்த்தா போதும்மா. சர்டிபிகேட் வாங்கிக்கிட்டுக் கிளம்புங்க."

"இன்னொரு தடவை போடுங்க சார்."

ஐம்பத்தைந்தில் போய்ப் பார்த்தாள். ஐம்பதிலும் இடித்தது. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தைந்தில் மூட்டை மட்டும் தெறித்து விழுந்தது.

நாற்பதில் வேன் நாலடி தள்ளி நின்றது. அந்த மனிதர் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு, அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். அவர் எதிர்க்கடைக்குள் நுழையும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் ஜெயசீலி பெல்ட்டைக் கழற்றினாள்.