நூற்று மூன்று

நாலாவது பந்தும் பாதி வழியில் பொத்தென்று விழுந்தது.

திரையில்தான். நிஜப் பந்து பத்தடி தள்ளித் தொங்கிய வலையில் முட்டி, சத்தம் போடாமல் கீழே உருண்டுவிட்டது. வெளியே அடித்திருந்தால் எங்கே போய் விழுந்திருக்கும் என்பதைத் திரையில் இருந்த பச்சை மைதானம் ஈவிரக்கமில்லாமல் காட்டியது.

"என்ன நூத்திமூணு, மத்தியானச் சாப்பாடு இன்னும் செரிக்கலையா?" என்றாள் மட்டை அக்கா.

அந்த கோல்ஃப் அகாடமியில் வீரர்களின் கைக்கும் உயரத்துக்கும் மட்டை பொருத்திக் கொடுப்பவள் அவள். அதனால் மட்டை அக்கா.

இவள் நூத்திமூணு. தேர்வு நாளில் மட்டை வீசிய வேகம், மணிக்கு நூற்று மூன்று மைல். பெண்கள் விடுதியில் நூறைத் தாண்டியவள் இவள் ஒருத்திதான்.

வந்து இருபத்திரண்டு நாள். உன் பேரென்ன என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. தட்டோடு போய் உட்கார்ந்தால், பக்கத்து நாற்காலிகள் மரியாதையாக நகர்ந்துகொள்கின்றன.

இத்தனை நாளும் மணிக்கட்டு வலி என்று சொல்லித் தப்பித்துவிட்டாள். கட்டுத்துணியைத் தானே சுற்றிக்கொண்டாள். நேற்று டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, ஆடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்று புது டிரைவர் வந்திறங்கிவிட்டது.

முதல் அடிக்கான நீள மட்டை. வேகமாக வீசுகிறவர்களுக்கென்றே ஒரு கம்பெனி செய்து, சோதித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பியது. வேகக்காரர்கள் சாதாரண மட்டையால் அடித்தால் பந்து தாறுமாறாகச் சுழன்று வானத்துக்கு ஏறிவிடும், தூரம் போகாது. இது அந்தச் சுழற்சியை அடக்கி, பந்தைத் தாழ்வாக, நீளமாகப் பாய வைக்கும்.

வேகமில்லாதவர் தொட்டால் கதை வேறு. பந்தைத் தாங்கிப் பிடிக்கச் சுழற்சி போதாது. விழுந்துவிடும்.

ஐந்தாவது பந்து. உள்ளங்கை வியர்வையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு வீசினாள். தோள்பட்டை கழன்று மட்டையோடு போய்விடும் போலிருந்தது.

எண்பத்தேழு.

அக்கா சிரிக்கவில்லை. மூலையில் இருந்த பழைய டிரைவரை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

அதிலும் எண்பத்தேழுதான். பந்து மட்டும் சாவகாசமாக மிதந்து, இருபத்தைந்து கஜம் கூடுதலாகப் போய் இறங்கியது.

"மட்டையில ஒரு கொறையும் இல்ல. உனக்குத்தான் சட்ட தொளதொளன்னு இருக்கு." அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "நானும் ஒரு தையல்காரிதான்டி, அளவு பாத்தா தெரியாதா? அந்த நூத்திமூணு யாரோடது?"

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளிக்கலாம். இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம். கைகூட அந்தப் பக்கம் போனது.

"என் அத்தை பொண்ணோடதுக்கா."

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது.

தேர்வில் ஆளுக்குப் பதினைந்து பந்து. அடித்து முடித்தவர், மெஷினில் அடுத்தவர் பேரை மாற்றிவிட வேண்டும். அங்கே அதுதான் பழக்கம். முதலில் இவள். அடுத்து அத்தை மகள். எட்டே நாள் மூத்தவள், ஒரே வீட்டில் ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவள்.

இவள் பேரை மாற்றவில்லை.

பதினொன்றாவது பந்துக்குத்தான் மாற்றினாள். அதற்குள் அத்தை மகளின் உள்ளங்கைக் கொப்புளம் உடைந்திருந்தது. மிச்ச ஐந்தும் வலியோடு அடித்தது. அதுதான் அவள் பேரில் ஏறியது. யார் பேரில் எத்தனை பந்து என்று யாரும் எண்ணவில்லை. அதிகபட்ச வேகத்தை மட்டும் பார்த்தார்கள்.

இருந்தது ஒரே இடம். கடிதம் இவளுக்கு வந்தது.

அத்தை மகளுக்கு இன்றுவரை தெரியாது. ஸ்டேஷன் வரை இவள் பையைச் சுமந்துகொண்டு வந்தாள். ரயில் ஏறும்போது "ஊரையே கலக்கு, போடி" என்று முதுகில் ஒன்று வைத்தாள். தினமும் சாயங்காலம் அவளிடமிருந்து போன் வருகிறது. அது அடித்து ஓயும்வரை இவள் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பேர் சொல்லிக் கூப்பிட இருக்கிற ஒரே ஆள் அவள்தான். அவள் போனைத்தான் எடுக்க முடியவில்லை.

அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள். இவளுடைய கை இரண்டையும் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"அடிப்பாவி, இதுக்கா இப்படி வெடவெடக்கற? டென்ஷன்ல பேர் மாத்த மறக்கறது ஒவ்வொரு தேர்வுலயும் நடக்குது. மறந்ததுக்கு யாரும் உன் தலையச் சீவிட மாட்டாங்க. நான் பேசறேன். அவளையும் வரவழைச்சு இன்னொரு தடவ பாக்கச் சொல்லலாம். நீயும் இருக்கலாம், அவளும் வரலாம். சரியா?"

சரி என்றால் போதும். வாய் திறக்கக்கூட வேண்டாம். தலையை ஆட்டினால் போதும்.

கையை அக்காவின் மடியிலிருந்து உருவிக்கொண்டாள்.

"மொத பந்துக்கு மட்டுந்தான்க்கா மறந்தேன்."