மைனா சொன்ன நத்தைக் கதை

என் மூத்தவள் வயிற்றில் இருந்தபோது நாத்தனார் பவுனம்மாள் சொன்னது இது.

ஒரு மைனாவுக்கு எல்லாரையும் சிரிக்க வைக்க ஆசை. கோழிக்கூண்டில் சொல்லிச் சொல்லிக் கதையைச் சுருக்கப் பழகியது. ஆட்டுப்பட்டியில், எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று தெரிந்துகொண்டது. எதற்கும் சிரிக்காத கொட்டில் எருமையை மட்டும் ஒரு தரம் சிரிக்க வைத்துவிட்டால் போதும் என்று ஏங்கிக் கிடந்தது.

கடைசியில் கொட்டிலுக்கே போனது. "எருமையக்கா, ஒரு நத்தை, வீட்டைப் பூட்ட மறந்துட்டேன்னு பாதி வழியில திரும்பி ஓடுச்சாம்!"

எருமை மென்றுகொண்டே, "சரி, அப்புறம்?" என்றது.

"அப்புறம் ஒண்ணும் இல்லக்கா." மைனா பறந்து போய்விட்டது.

மறுநாள் அசைபோடும்போதுதான் எருமைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடி பாவி, வீடு அது முதுகுலதானே இருக்கு!" கொட்டிலே குலுங்கியது. மைனாவைத்தான் காணோம்.

கடவுள் புண்ணியத்தில் அதை எங்காவது பார்த்தால், எருமை சிரித்தது என்று சொல்லிவிடுங்கள்.