மறுதேர்வில் தேறியவள்

"முதல் தேர்வுல பதினொண்ணு, மறுதேர்வுல இருபத்தொம்பது, அதுக்கடுத்ததுல முப்பத்தஞ்சு! வாய்ப்பு கொடுத்தா பிள்ளைங்க படிக்கும்னு நான் சொன்னப்ப யாராவது நம்பினீங்களா?" என்று மதிப்பெண் பதிவேட்டில் ஒரு மாணவியின் பெயரைத் தட்டினார் தலைமையாசிரியை.

கணக்கு டீச்சர் பதிவேட்டை மூடப் போனார்.

"நாளைக்கு அதிகாரிங்க வர்றாங்க. மறுதேர்வு எழுதி எப்படி முன்னுக்கு வந்தேன்னு இந்தப் பொண்ணை நாலு வார்த்தை பேசச் சொல்லுங்க."

"அவ வாயே திறக்க மாட்டா மேடம்."

"வாயில்லாப் பூச்சி பேசினாத்தான் எடுபடும். தயார் பண்ணுங்க."

மாலையில் டீச்சர் ஒரு தையல் கம்பெனியின் வாசலில் காத்து நின்றார். தலைமுடியெல்லாம் நூல் பிசிறோடு வெளியே வந்த அந்தப் பெண் அவரைக் கண்டதும் திகைத்துப் போனாள்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் யூனிஃபார்ம் போட்டுட்டு வந்துடும்மா. நீ கணக்குல பாஸ்."

"நானா? நான் படிப்பை விட்டு ஏழு மாசமாச்சே டீச்சர். பரீட்சையை யார் எழுதினா?"

"யாரும் எழுதல. மார்க்கை நான்தான் போட்டேன். மறுதேர்வுல ஒருத்தரும் விடுபடக் கூடாதுன்னு மேடம் ஒத்தக் கால்ல நின்னாங்க. அதனால தினமும் நீ வந்ததாவும் எழுதிட்டேன்."

அவள் தலையிலிருந்த ஒரு நூல் பிசிறை உருவி எடுத்தாள்.

"அதான் யாருமே வரலையா டீச்சர்? பிள்ளையை ஏன் நிறுத்தினேன்னு பள்ளிக்கூடத்துலேருந்து வந்து சத்தம் போடுவாங்கன்னு அப்பா பயந்துட்டே இருந்தாரு. வந்து கேட்டா திரும்ப அனுப்பிடறேன்னுகூடச் சொன்னாரு. ஏழு மாசமா நானும் வாசலையே பாத்துட்டிருந்தேன்."